உங்க ஸ்டைல் என்னன்னு மாடிக் கொடியில காயுற துணிய கேளுங்க

"எனக்கு என்ன டிரெஸ் நல்லாருக்கும்னே தெரியல, ஏதாவது ஐடியா குடு"ன்னு யாராவது கேட்டா நான் திருப்பி கேக்கறது ஒண்ணுதான், இந்த வாரம் உங்க மாடிக் கொடியில என்னென்ன காயுது? ஏன்னா பீரோவுல இருக்கறது நாம ஆசப்பட்டு வாங்குனது, இன்ஸ்டால சேவ் பண்ணி வெச்சிருக்கறது அடுத்தவங்க போட்டது, கொடியில தொங்குறதுதான் நாம நெஜமா எடுத்து உடுத்துனது. வாராவாரம் அதே நாலு குர்த்தி, அதே ரெண்டு பேன்ட், அதே வெளுத்துப்போன டி-ஷர்ட்டுன்னு இருந்தா அதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல, உங்க ஸ்டைல் அங்கயே கெடக்கு, இன்னும் அத உக்காந்து பாக்கல அவ்ளோதான்.

நம்மாளுங்க இந்த வேலைய தலைகீழா பண்றாங்க. மொதல்ல ஆடித் தள்ளுபடிக்கு கடைக்கு போறது, அங்க கண்ணுக்கு பட்டத அள்ளிட்டு வர்றது, அப்புறம் வீட்டுக்கு வந்து இதுக்கு என்ன மேட்ச் பண்றதுன்னு முழிக்கறது. நான் சொல்ற வரிசை வேற. உங்களையே கொஞ்ச நாள் பாருங்க, அப்புறம் மத்தவங்கள பாருங்க, கடை கடைசியில வரட்டும்.

மொதல்ல மூணு வாரம் எதுவும் வாங்காம கவனிங்க

வெளிநாட்டு வீடியோலாம் பாத்தீங்கன்னா ஹேங்கர திருப்பி மாட்டுங்க, போட்டத நேரா மாட்டுங்க, ஆறு மாசம் கழிச்சு எது திரும்பாம இருக்கோ அது வேணாம்னு ஒரு ட்ரிக் சொல்லுவாங்க. நம்ம வீட்டுல பாதி துணி ஸ்டீல் பீரோவுல மடிச்சு அடுக்கித்தான் இருக்கும், ஹேங்கர்னா பட்டுப்புடவையும் கோட்டும் மட்டும்தான். அதனால நம்ம ஊர் வழி இது: துவச்சு மடிச்ச துணிய திருப்பி வெக்கறப்போ எப்பவும் வலது ஓரத்து அடுக்குல வைங்க. கொஞ்ச வாரத்துல இடது பக்கம் அசையாம ஒரு குவியல் நிக்கும். அத தூக்கி போடணும்னு நான் சொல்ல வரல. ஒவ்வொண்ணா எடுத்து ஏன் போடலன்னு கேளுங்க. பதில் பெரும்பாலும் ரொம்ப சில்லறையா இருக்கும், கழுத்து எறங்குது, உள்ள ஸ்லிப் போடணும், அயர்ன் பண்ணாம போட முடியாது, அதுக்குன்னு இருந்த ஒரு லெக்கிங்ஸ் கிழிஞ்சிடுச்சு. "எனக்கு ஸ்டைல் சென்ஸ் இல்ல"ன்னு நெனச்சிட்டு இருந்தவங்களுக்கு ஒரு ஊக்கு, ஒரு தையல், ஒரு வெள்ளை பேன்ட் இவ்ளோதான் பிரச்சனையா இருந்துருக்கும்.

கூடவே தெனமும் ஒரு போட்டோ. அழகா எல்லாம் வேணாம், வாசல் கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு க்ளிக், வாட்ஸ்அப்ல உங்களுக்கே மெசேஜ் அனுப்பிக்கற வசதி இருக்குல்ல, அதுல போட்டு வைங்க. முக்கியமானது சாயங்காலம். காலைல எட்டு மணிக்கு எந்த டிரெஸ்ஸும் நல்லாத்தான் இருக்கும். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து செருப்ப கழட்டறப்போ அந்த போட்டோவுக்கு கீழயே ஒரு வாய்ஸ் நோட் விடுங்க, அரை நிமிஷம் போதும். எத்தன தடவ துப்பட்டாவ இழுத்து விட்டேன், எங்க வேர்த்துச்சு, பஸ்ல கம்பி புடிக்கறப்போ அக்குள்ள டைட்டா இருந்துச்சா, வண்டி ஓட்டறப்போ பறந்துச்சா, மீட்டிங்ல நான் டிரெஸ்ஸ பத்தி நெனச்சேனா இல்ல மறந்துட்டேனா. என்னைக்கு டிரெஸ்ஸ பத்தி நெனப்பே வரலையோ அந்த போட்டோவுக்கு ஒரு ஸ்டார் போட்டு வைங்க. யாரு "சூப்பரா இருக்கு"ன்னு சொன்னாங்கங்கறத மட்டும் இப்போதைக்கு எழுதாதீங்க, பாராட்டு வந்துச்சுன்னா மனசு அந்தப் பக்கமே சாஞ்சிடும், அப்புறம் கவனிக்கற வேலை நடக்காது.

பிடிச்சிருக்குன்னா அதுல என்ன பிடிச்சிருக்கு

இதுதான் நெறைய பேரு தாண்டி குதிச்சு போற எடம், ஆனா விஷயம் எல்லாம் இங்கதான் இருக்கு. ஸ்டார் போட்ட போட்டோவ எல்லாம் வரிசையா வெச்சு பாருங்க. "எனக்கு ப்ளூ பிடிக்கும்போல"ன்னு உடனே முடிவுக்கு வந்துடாதீங்க, கலர் தான் கண்ணுல மொதல்ல படும், காரணம் வேற எங்கயோ ஒளிஞ்சிருக்கும். கை எவ்ளோ நீளம், முழங்கை வரைக்குமா மணிக்கட்டு வரைக்குமா? கழுத்து காலரா, வட்டமா, சீனா காலரா? மேல லூசு கீழ டைட்டா, இல்ல திருப்பியா? பாக்கெட் இருக்கா? துணி என்ன? எனக்கு தெரிஞ்ச ஒரு பொண்ணு பல வருஷமா "நான் ட்ரெடிஷனல் டைப்"னே சொல்லிட்டிருந்தா, போட்டோவ பரப்பி பாத்தா குர்த்தியாகட்டும் சட்டையாகட்டும் புடவை ப்ளவுஸாகட்டும் அவ ஸ்டார் போட்ட எல்லாத்துலயும் காலர் கழுத்தும் முழங்கை வரைக்கும் கையும் இருந்துச்சு. ட்ரெடிஷனல், மாடர்ன்ங்கற பேரெல்லாம் கடைக்காரங்க மாடி பிரிக்கறதுக்கு வெச்சது, நம்ம உடம்புக்கு அது தெரியாது.

துணிய பத்தி மட்டும் கொஞ்சம் நீட்டி சொல்றேன், ஏன்னா "இந்த டிரெஸ் எனக்கு செட் ஆகல"ன்னு சொல்றதுல பாதி, டிசைனால இல்ல, துணியாலதான். பாலியஸ்டர் வேர்வைய உறிஞ்சாது, சென்னை மாதிரி கடலோர ஊர்ல மே மாசம் அத போட்டுட்டு நின்னா யாருக்கும் கம்பீரமா இருக்காது. ரேயான் தொட்டா மெத்துன்னு குளுகுளுன்னு இருக்கும், ஆனா துவைக்க துவைக்க சுருங்கும், தொளதொளன்னும் ஆகும். கடையில காட்டன்னு சொல்லி குடுத்தது காட்டன் தானான்னு சந்தேகம்னா உள்பக்கத் தையல் ஓரத்துல ஒரு நூல உருவி தீக்குச்சில காட்டுங்க, காட்டன்னா காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாகும், பாலியஸ்டர் கலந்திருந்தா உருகி கட்டியா ஒரு உருண்டை நிக்கும். ரேயானும் காட்டன் மாதிரியேதான் எரியும், அதனால இந்த டெஸ்ட் பாலியஸ்டர கண்டுபிடிக்க மட்டும்தான். டி-ஷர்ட் பிரியர்களுக்கு ஜி.எஸ்.எம்.னு ஒரு நம்பர் இருக்கு, ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்னு அர்த்தம். 160, 180 எல்லாம் நம்ம வெயிலுக்கு தாங்கும், இப்ப எல்லாரும் போடற ஓவர்சைஸ் டி-ஷர்ட் 220, 240ன்னு வரும், விறைப்பா விழும், பாக்க நல்லாருக்கும், ஏசியில உக்கார்றவங்களுக்கு சரி. உங்க ஃபேவரிட் டி-ஷர்ட்டு என்ன ஜி.எஸ்.எம்.னு ஒரு தடவ தெரிஞ்சுக்கிட்டா அடுத்த தடவ திருப்பூர் காதர்பேட்டைல எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் குவியல் முன்னாடி நிக்கறப்போ தேட வேண்டியது பாதியா குறையும்.

அளவும் எழுதிக்கோங்க. உங்களுக்கு கச்சிதமா இருக்கற ஒரே ஒரு டாப்ஸயோ சட்டையையோ கட்டில் மேல சுருக்கம் இல்லாம விரிச்சு, ஒரு அக்குள் தையல்லேர்ந்து இன்னொரு அக்குள் தையல் வரைக்கும், ஷோல்டர், நீளம், கை நீளம், நாலு நம்பர். போன்ல போட்டு வெச்சிருங்க. ஆன்லைன்ல "எம்" சைஸா "எல்" சைஸான்னு யோசிக்கவே வேணாம், ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒரு எல். சைஸ் சார்ட்ட தொறந்து இந்த நம்பரோட ஒப்பிட்டு பாத்தா போதும், சிலதுல உடம்பு அளவு போட்டிருப்பாங்க சிலதுல துணி அளவு போட்டிருப்பாங்க, அத மட்டும் படிச்சு பாத்துக்கோங்க. ரிட்டர்ன் போடற வேலை பெருமளவு மிச்சம்.

எங்க போய் பாக்கறது

எல்லாரும் பின்ட்ரெஸ்ட்டுன்னு ஆரம்பிப்பாங்க, நான் வீட்டு ஆல்பத்துலேர்ந்து ஆரம்பிக்க சொல்லுவேன். அம்மா காலேஜ் படிச்சப்போ ஸ்டுடியோல எடுத்த போட்டோ, அப்பாவோட பெல்பாட்டம், பாட்டி பின்கொசுவம் வெச்சு கட்டுன கண்டாங்கி. போட்டோவ கைல வெச்சுக்கிட்டு பக்கத்துல உக்காந்து கேளுங்க, இந்த ப்ளவுஸ் கை யாரு தெச்சா, இந்த கலர் நீங்க எடுத்ததா தாத்தா எடுத்ததா, இது போட்டா எப்படி இருக்கும். ஒரு எச்சரிக்கை, பழைய போட்டோல இருக்கறது எல்லாமே அவங்க தேர்ந்தெடுத்தது கிடையாது. தீபாவளிக்கு ஒரே துணிச் சுருள்லேர்ந்து துணி எடுத்து அண்ணன் தம்பி அஞ்சு பேருக்கும் ஒரே சட்டை தெச்ச காலம் அது, அப்பா அந்த கட்டம் போட்ட சட்டைய விரும்பி போட்டாரா, வேற வழியில்லாம போட்டாரான்னு அவர்தான் சொல்லணும். சில சமயம் அந்தக் கேள்விலயே ஒரு மணி நேரம் போயிடும், அது வேற சந்தோஷம். உருப்படியா எடுத்துக்க வேண்டியது, உங்க மாதிரியே தோளும் உங்க மாதிரியே நெறமும் இருக்கற ஒருத்தருக்கு என்ன பொருந்துச்சுங்கறது. அதுக்கு சொந்தக்காரங்கள விட நல்ல மாடல் கெடைக்காது.

அடுத்தது தெரு. உங்க ஊர்ல உங்க வெயில்ல உங்க பஸ்ல போறவங்க என்ன போடறாங்கன்னு பாருங்க. பூ மார்க்கெட்ல, கட்டட வேலைல, வயல்ல பொம்பளைங்க புடவைக்கு மேல ஒரு ஆம்பள சட்டைய போட்டுருப்பாங்க, வெயில் படக்கூடாது, புடவை அழுக்காகக்கூடாது, சில்லறை போட பாக்கெட் வேணும், மூணுக்கும் ஒரே சட்டை. ஃபேஷன் பக்கத்துல இத லேயரிங்னு சொல்லி காசு வாங்குவாங்க. நான் சொல்றது அத அப்படியே காப்பி அடிங்கன்னு இல்ல, அந்த யோசனைய எடுத்துக்கோங்க, குர்த்தி மேல பட்டன் போடாத ஒரு மெல்லிசு காட்டன் சட்டை, ஏசி ஆபீஸ்ல போட்டுக்கலாம், வெளிய கழட்டி பைல போட்டுக்கலாம். தெருவுல யாரையாவது பாத்து பிடிச்சிருந்தா ஒளிஞ்சு போட்டோ எடுக்காதீங்க, பாத்தத நாலு வார்த்தைல போன்ல எழுதிக்கோங்க, இல்லன்னா நேரா போய் "அக்கா இந்த புடவை எங்க எடுத்தீங்க"ன்னு கேட்டுடுங்க, நம்ம ஊர்ல இந்த கேள்விக்கு யாரும் கோவப்பட்டு நான் பாத்ததில்ல, கடை பேரு, வெலை, பேரம் பேசுன கதை வரைக்கும் வரும்.

அப்புறம் பேர் பெத்தவங்க. சினிமாக்காரங்கள நான் இதுல சேக்க மாட்டேன், அவங்களுக்கு டிரெஸ் எடுக்க வேற ஆளு சம்பளம் வாங்கிட்டு உக்காந்திருக்காங்க. தானே முடிவு பண்ணி வருஷக்கணக்கா ஒண்ணையே புடிச்சுக்கிட்டவங்கள பாருங்க. காமராஜரோட தொளதொள கதர் சட்டை, பெரியாரோட கருப்பு சட்டை, கலைஞரோட மஞ்சள் துண்டு, தூரத்துலேர்ந்து நிழல பாத்தே ஆள சொல்லிடலாம். எம்.எஸ். சுப்புலட்சுமிய எடுத்துக்கோங்க, காஞ்சிபுரத்துல அவங்களுக்காக நெய்த ஒரு நீலத்துக்கு எம்.எஸ். ப்ளூன்னே பேராயிடுச்சு, இன்னைக்கும் பட்டுக்கடைல அந்த பேர சொன்னா எடுத்து விரிப்பாங்க. உஷா உதூப் காஞ்சிபுரம் பட்டு கட்டி பெரிய பொட்டு வெச்சு கீழ ஸ்னீக்கர்ஸ் போட்டுட்டு மேடை ஏறுவாங்க, கால் வலிக்காம நின்னு பாடணும், அதே சமயம் பட்டும் வேணும். இவங்ககிட்டேர்ந்து எடுத்துக்க வேண்டியது துணிய இல்ல, எதுல விட்டுக்குடுக்கறாங்க எதுல விட்டுக்குடுக்க மாட்டாங்கங்கறத.

துணிக்கடைக்கு வாங்காம போறதும் ஒரு படிப்புதான். கோ-ஆப்டெக்ஸ் மாதிரி எடத்துல, 1935லேர்ந்து இருக்கற சொசைட்டி அது, யாரும் பின்னாடியே நின்னு "என்ன மேடம் பட்ஜெட்டு"ன்னு நச்சரிக்க மாட்டாங்க, நிதானமா தொட்டு பாக்கலாம். மதுரை சுங்குடியோட புள்ளிய கைல தடவி பாருங்க, நெஜமா முடிச்சு போட்டு சாயம் ஏத்துனதுன்னா புள்ளி ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, பிரின்ட் போட்டதுல எல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கும். காரைக்குடி கண்டாங்கில அரக்கும் கடுகு மஞ்சளும் கருப்பும் பெரிய கட்டமா வரும், கனமான துணி, "எனக்கு அடிக்கற கலர் ஒத்துவராது"ன்னு சொல்றவங்க அத ஒரு தடவ தோள்ல போட்டு பாக்கணும். நம்ம லுங்கில வர்ற அதே மெட்ராஸ் கட்டம் 1960கள்ல அமெரிக்காவுல சம்மர் சட்டையா போச்சு, சாயம் ஒண்ணோட ஒண்ணு கலந்து ஓடும், "சாயம் போகும், கேரண்டி"ன்னு அதையே பெருமையா சொல்லி வித்தாங்க. நம்ம வீட்டுல சாயம் போனா கடைக்காரன் கூட சண்டைக்கு போவோம், அது வேற விஷயம். ஆனா லுங்கி துணின்னு ஒதுக்கி வெச்சிருக்கற அந்த கட்டத்துல அரைக்கை சட்டை தெச்சு பாருங்க, அவ்ளோதான் சொல்லுவேன்.

கலர் பாக்கறதுக்கு கடை லைட்ட நம்பாதீங்க. துணிய வாசலுக்கு எடுத்துட்டு போய் பகல் வெளிச்சத்துல தாடைக்கு கீழ புடிச்சு போன் கேமராவுல பாருங்க, மொகம் மொதல்ல தெரியுதா, துணி மொதல்ல தெரியுதா? மொகம் தெரிஞ்சா அந்த கலர் உங்களோடது. "கருப்பா இருக்கறவங்க பளிச்சுனு போடக்கூடாது"ன்னு சொல்லி சொல்லியே ஒரு தலைமுறைய சந்தன கலருக்குள்ள அடைச்சு வெச்சாங்க. எங்க மதுரைப் பக்கம் நல்ல கருப்பான பாட்டிங்க மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் கட்டி திருவிழாவுல வந்தா கண்ணு அங்கதான் போகும். மயில் கழுத்து, வெங்காயத் தோல், அரக்கு, கத்திரிப்பூ, இதெல்லாம் தனித்தனியா தொட்டு பாத்து பேரோட மனசுல வெச்சுக்கோங்க, அப்புறம் கடைல "டார்க்கா ஒரு பிங்க் மாதிரி"ன்னு கைய ஆட்டிட்டு நிக்க வேணாம்.

இன்ஸ்டா, பின்ட்ரெஸ்ட் கடைசியில. சேவ் பண்ணுங்க, தப்பில்ல, ஒரு முப்பது நாப்பது படம் சேந்ததும் ரெண்டா பிரிங்க, பாக்க பிடிக்குது ஒண்ணு, போட்டுக்க பிடிக்கும் இன்னொண்ணு. பீஜ் கலர் லாங் கோட் போட்டு மழைல நடக்கற பொண்ணு மொத கூடைல. அந்த படத்துல உங்களுக்கு பிடிச்சது கோட்டா இல்ல அந்த ஊர் குளிரான்னு கேட்டு பாருங்க, பாதி படத்துக்கு பதில் குளிர், மீதி பாதிக்கு அந்த பொண்ணோட இடுப்பு. ரெண்டையும் கடைல விக்கறதில்ல.

தலைக்குள்ள பேசற குரல் யாரோடது

இத பத்தி யாரும் ஸ்டைல் கைடுல எழுத மாட்டேங்கறாங்க, நம்ம ஊர்ல இது இல்லாம டிரெஸ் பேச்சே கெடையாது. கண்ணாடி முன்னாடி நிக்கறப்போ "இது வேணாம்"னு ஒரு குரல் கேக்கும்ல, அது யாருன்னு பாருங்க. அம்மாவா, துப்பட்டாவ ரெண்டு பக்கமும் பின் குத்த சொன்ன ஸ்கூல் டீச்சரா, "இதென்ன கோலம்"னு கேக்கற அத்தையா, ஆபீஸ்லயா, இல்ல உங்களோடதேவா. பேர் போட்டு எழுதுங்க. எழுதி பாத்தா சில குரலுக்கு சொந்தக்காரங்க இப்ப அப்படி நெனைக்கறதே இல்லன்னு தெரியும், அம்மா எப்பவோ மனசு மாறி நைட்டிக்கு துப்பட்டா போடறத கூட விட்டுட்டாங்க, நீங்கதான் இன்னும் ஸ்லீவ்லெஸ்ஸ எடுத்து எடுத்து உள்ள வெச்சிட்டு இருக்கீங்க.

எல்லா குரலையும் தூக்கி எறியுங்கன்னு சொல்ல நான் யாரு. மாமனார் வீட்டுக்கு போறப்போ ஒரு டிரெஸ், கோயிலுக்கு ஒண்ணு, க்ளையன்ட் மீட்டிங்குக்கு ஒண்ணுன்னு இருக்கறது நடிப்பு கெடையாது, வீட்டுல சண்டை இல்லாம இருக்கறதுக்கும் ஒரு வெலை உண்டு, அத குடுக்கறதா வேணாமான்னு அவங்கவங்கதான் முடிவு பண்ணனும். ஆனா எது எனக்காக, எது வேலைக்காக, எது வீட்டு நிம்மதிக்காகன்னு தனித்தனியா தெரிஞ்சு போடுங்க, ஒண்ணா குழப்பிக்காதீங்க. இது பொம்பளைங்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, ஆம்பளைங்களுக்கும் இருக்கு. 2014ல சென்னைல ஒரு ஹைகோர்ட் ஜட்ஜ வேட்டி கட்டிட்டு வந்தார்னு ஒரு கிளப்புக்குள்ள விடல, அப்புறம் அதே வருஷம் சட்டசபைல வேட்டி கட்டுனவங்கள தடுக்கக்கூடாதுன்னு சட்டமே போட வேண்டியதாச்சு. தமிழ்நாட்டுலயே வேட்டிக்கு சட்டம் தேவைப்பட்டுச்சுன்னா பாத்துக்கோங்க. பிங்க் சட்டை போட ஆசைப்பட்டு போடாம இருக்கற ஆம்பளைங்க எத்தன பேருன்னு ஒரு கணக்கு எடுத்தா நல்லாருக்கும்.

மூணு வரி எழுதுங்க, ஒரு தேதி போடுங்க

இதுவரைக்கும் சேத்தத எல்லாம் வெச்சு மூணே மூணு வரி. "எலகன்ட்", "கிளாஸி" மாதிரி வார்த்தை வேணாம், அத வெச்சு கடைல ஒரு துணி கூட எடுக்க முடியாது. டைலர்கிட்ட சொன்னா புரியற மாதிரி இருக்கணும். உதாரணத்துக்கு: காட்டன் இல்லன்னா லினன் மட்டும். முழங்கை வரைக்கும் கை, காலர் கழுத்து, பாக்கெட் கட்டாயம். கலர் அரக்கு, இண்டிகோ, கடுகு, கூட வெள்ளை. இப்படி.

எழுதுனத உடனே வாழ்நாள் சத்தியமா எடுத்துக்காதீங்க, ஒரு தேதி வரைக்கும் பாருங்க. இந்த விஷயத்துல காந்தி எனக்கு ரொம்ப பிடிக்கும். 1921 செப்டம்பர்ல மெட்ராஸ்லேர்ந்து மதுரைக்கு ரயில்ல வர்றப்போ கூட வந்தவங்ககிட்ட கதர் போடுங்கன்னு கேக்கறாரு, கதர் வெலை ஜாஸ்தி, வாங்க எங்ககிட்ட காசு இல்லன்னு சொல்லிடறாங்க. அது அவர உறுத்திக்கிட்டே இருக்கு. செப்டம்பர் 22ஆம் தேதி மேலமாசி வீதில தங்கியிருந்த வீட்டுலேர்ந்து இடுப்புல முழத்துண்டோட வெளிய வர்றாரு. அப்ப அவர் அறிவிச்சது என்னன்னா, அக்டோபர் 31 வரைக்குமாவது தொப்பியும் மேல்சட்டையும் போடப்போறதில்ல, தேவப்பட்டா ஒரு போர்வைன்னு. ட்ரையல் தான். அந்த தேதி தாண்டியும் கடைசி வரைக்கும் அதுலயே இருந்துட்டாரு. முழத்துண்டுக்கு போங்கன்னு சொல்லல, அவர் காரணம் வேற, நம்ம காரணம் வேற. காரணம் தெளிவா இருக்கணும், தேதி போட்டு சோதிச்சு பாக்கணும், இந்த ரெண்டையும் நம்ம பீரோவுக்கும் எடுத்துக்கலாம். ஒரு மாசம் அந்த மூணு வரிக்குள்ள வர்ற துணிய மட்டும் போடுங்க, இருக்கறதுலேர்ந்தே. சாயங்கால வாய்ஸ் நோட்டு அப்படியே தொடரட்டும். போர் அடிக்குதா, எந்த வரில இடிக்குது? அத மாத்துங்க. கலர் வரிதான் மொதல்ல ஒடையும், எனக்கு தெரிஞ்ச எல்லாருக்கும் அப்படித்தான், துணி வரி கடைசி வரைக்கும் நிக்கும்.

இப்ப கடைக்கு போலாம்

மூணு வரி போன்ல இருக்கட்டும், நாலு அளவும் இருக்கட்டும். கைல எடுத்த எந்த துணிக்கும் வீட்டுல ஏற்கனவே இருக்கறதோட மூணு ஜோடி சொல்ல முடியணும், "அதுக்கு ஒரு பேன்ட் எடுத்துட்டா போதும்"னு ஆரம்பிச்சா கீழ வெச்சிருங்க, அந்த பேன்ட்டுக்கு ஒரு செருப்பு, செருப்புக்கு ஒரு பைன்னு அது நிக்காது. வெலைய போடற தடவையால வகுத்து பாக்கறது நல்ல பழக்கம், 900 ரூபா குர்த்தி 60 தடவ போட்டா தடவைக்கு 15 ரூபா, 350 ரூபா குர்த்தி ரெண்டு தடவைல சாயம் போனா தடவைக்கு 175. பட்டுப்புடவைக்கு மட்டும் இந்த கணக்கு போடாதீங்க, மனசு ஒடஞ்சிடும், அது கணக்குக்காக வாங்கறதும் கெடையாது.

தள்ளுபடி கூட்டத்துல ரங்கநாதன் தெருவுல நின்னு யாரும் தன் ஸ்டைல பத்தி யோசிக்க முடியாது, மூச்சு விட முடிஞ்சாலே பெரிசு. கைத்தறிக்கு தீபாவளி சமயத்துல வழக்கமா ரிபேட் வரும், அதுக்கு முன்னாடியே ஒரு நாள் போய் பாத்து வெச்சுட்டு வந்துட்டா அன்னைக்கு நேரா எடுத்து பில் போட்டுடலாம்.

டைலர்கிட்ட போறதுதான் என்னை கேட்டா கடைய விட முக்கியம், நம்ம ஊர்ல இன்னும் தெருவுக்கு ஒரு டைலர் இருக்கறது எவ்ளோ பெரிய வசதின்னு நமக்கு தெரியல. காட்டன் துணிய தெக்கறதுக்கு முன்னாடி ராத்திரி முழுக்க தனியா நனைச்சு காய வெச்சு குடுங்க, சுருங்க வேண்டியது அப்பவே சுருங்கிடும், சாயம் போற துணியா இல்லையான்னும் தெரிஞ்சிடும். ஆம்பளைங்க சட்டைக்கு அகலமான பன்னால (பன்னான்னா துணியோட அகலம்) 1.6 மீட்டர், பேன்ட்டுக்கு 1.2 மீட்டர்னு கடைல பிட்டாவே வெட்டி வெச்சிருப்பாங்க, நல்ல ஒயரமோ உடம்போ இருந்தா கொஞ்சம் கூட எடுத்துக்கோங்க. வாயால சொல்றத விட அளவுக்கு ஒரு ஜாக்கெட்டோ சட்டையோ குடுக்கறது மேல், கூடவே அந்த அளவு துணில என்ன பிடிக்கலங்கறதையும் சொல்லுங்க, இல்லன்னா அந்த கொறையையும் சேத்து அச்சு அசலா தெச்சு குடுத்துடுவார். உள்ள ரெண்டு பக்கமும் தையல் விட்டு தெக்க சொல்லுங்க, நாளைக்கு உடம்பு போட்டாலும் பிரிச்சுக்கலாம். குர்த்தி பக்கவாட்டு தையல்ல பாக்கெட்டு வேணும்னா "போன் உள்ள போகணும்"னு போன எடுத்து காட்டி சொல்லுங்க, இல்லன்னா பஸ் டிக்கெட் போடற சைஸ்ல ஒண்ணு வரும். புது டிசைன்ல நாலு துணிய ஒண்ணா குடுக்காதீங்க, ஒண்ணு தெச்சு வரட்டும், போட்டு ஒரு நாள் வெளிய போயிட்டு வாங்க, அப்புறம் மீதி. ரெடிமேட்ல இடுப்பு, நீளம், கை இதெல்லாம் ஆல்டர் பண்ணிடலாம், ஷோல்டர் பெருசா இருந்தா எடுக்காதீங்க, மொத்தமா பிரிச்சு தெக்கணும், அந்த காசுக்கு புதுசே தெச்சுடலாம்.

இடது பக்க குவியல்ல கடைசியா மிஞ்சறது எல்லாம் பெரும்பாலும் மத்தவங்க எடுத்து குடுத்ததாத்தான் இருக்கும். நல்ல காட்டன் புடவைன்னா குர்த்தியா மாத்தலாம், அஞ்சரை மீட்டர் இருக்கு, ஒரு குர்த்தி போக தம்பிக்கு ஒரு சட்டையும் வரும். சின்னதாயிட்டது தங்கச்சிக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகட்டும், கிழிஞ்சிருந்தா கிழிஞ்சதுன்னு சொல்லி துடைக்க வெச்சுக்கோங்க, கிழிஞ்சத தானம்னு குடுக்கறது மாதிரி அசிங்கம் வேற இல்ல. அத்தை ஆசையா எடுத்து குடுத்த அந்த ஜிகுஜிகு ரோஸ் கலர் செட்ட மட்டும் ஒரு தடவ போட்டு, போட்டோ எடுத்து, ஃபேமிலி குரூப்ல "தேங்க்ஸ் அத்தை"ன்னு போட்டுடுங்க, அதுக்கப்புறம் அது எங்க போச்சுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.